வெர்லீன் ஸ்டப்ஸின் கட்டைவிரல்

எங்கள் ஹார்லன் ஃபால்ஸ் ஊரில் குத்துச்சண்டைக்காரனின் கிழிந்த முகத்தை ஒரே நிமிடத்தில் அடைக்கத் தெரிந்த ஆள் ஒருவர்தான் இருந்தார், அதுவும் ஒரு பெண். வெர்லீன் ஸ்டப்ஸுக்கு ஐம்பத்து நான்கு வயது. ஆற்றுக்குக் கிழக்கே பிறந்து வளர்ந்த கறுப்பினத்துக்காரி. பகலில் முதியோர் இல்லத்தில் கிழவர்களைக் குளிப்பாட்டி ஊட்டிவிடும் வேலை. மாலையில் ஸ்டாவ்ரோவின் குத்துச்சண்டைக் கூடம். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு வாசலில் நின்று வருகிறவர்களை உட்காரவைப்பாள். அந்தக் கையுறைக்குள் இருந்த விரல்கள் முந்தின ராத்திரி யாருடைய புருவத்துக்குள் இருந்தன என்று தெரிந்தால் பாதிப் பேர் வேறு வாசலைத் தேடியிருப்பார்கள்.

புருவம் பிளந்தால் இரண்டு சுற்றுகளுக்கு நடுவில் கிடைப்பது ஒரு நிமிடம். அதற்குள் இரத்தத்தைத் துடைக்க வேண்டும், மருந்தில் தோய்த்த பஞ்சுக்குச்சியைக் காயத்துக்குள்ளே விட்டு அழுத்த வேண்டும், மேலே வாஸ்லின் களிம்பைக் கெட்டியாக அப்ப வேண்டும், கன்ன வீக்கத்தின் மேல் ஐஸில் கிடந்த இரும்புத் துண்டை வைத்து அமுக்க வேண்டும். வெர்லீன் கையில் ஒப்படைத்த ஒருவன்கூட இரத்தம் நிற்கவில்லை என்பதற்காக அதுவரை தோற்றதில்லை. "ரத்தம் என் பேச்சக் கேக்கும். ஆம்பளைங்கதான் கேக்க மாட்டானுங்க" என்பாள். அந்தப் பெருமை அவளுக்கு நிறையவே உண்டு, அதை மறைத்துக்கொள்ளவும் மாட்டாள்.

இந்த அவசரத்துக்கு நடுவில் அவள் இன்னொன்றும் செய்வாள். முகத்தருகே குனிந்து, "காலையில என்ன சாப்பிட்ட?" என்று கேட்பாள். புதிதாக வருகிறவன் இதென்ன விசாரிப்பு என்று விழிப்பான். பழகியவன் சொல்லிவிடுவான். அவளுக்கு வேண்டியது பதில் அல்ல, நாக்கு. அது குழறுகிறதா, சொன்ன பேச்சு கேட்ட கேள்விக்குச் சேர்ந்ததா என்று பார்ப்பாள். அவளுடைய அப்பாவை யாரும் அப்படிக் கேட்கவில்லை.

அப்பா ஓதா ஸ்டப்ஸ் எஃகு ஆலையில் உலை வேலைக்காரர், குத்துச்சண்டைக்காரரும்கூட. எங்கள் ஊரில் மேயர் தேர்தலுக்கு முந்தின சனிக்கிழமை ராணுவப் பயிற்சி மண்டபத்தில் தேர்தல் சண்டை நடக்கும். யாராவது ஒரு வேட்பாளர் செலவு செய்வார், ஊருக்கே இலவசம், கடைசிச் சண்டையில் ஜெயித்தவனின் கையை அந்த வேட்பாளரே மேடையேறித் தூக்கிக் காட்டுவார், மறுநாள் பேப்பரில் அந்தப் படம் வரும். ஓதா சண்டை போட்ட வருடம் சுவரொட்டியில் பெயர்களே இல்லை. 'கறுப்பா? வெள்ளையா?' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். ஓதா, வெள்ளையர் வாழும் மேட்டுப் பகுதியைச் சேர்ந்த ஒருவனை ஏழாவது சுற்றில் சாய்த்தார். மேட்டுப் பகுதி மேடைக் கயிற்றைத் தாண்டி உள்ளே வந்தது. உடைந்த பீர் பாட்டில் ஒன்று ஓதாவின் இடது கண்ணைக் கொண்டுபோனது. எட்டு வயது வெர்லீன் மூன்றாவது வரிசையில் நாற்காலி மேல் நின்று அதைப் பார்த்தாள்.

ஒற்றைக் கண்ணோடு அந்த மனுஷன் மேலும் ஒன்பது வருடம் சண்டை போட்டார். பார்க்க முடியாத பக்கத்திலிருந்து வந்த குத்தெல்லாம் தலைக்குள் இறங்கின. முதலில் பேச்சு குழறியது, பிறகு கரண்டியைக் கதவு என்றார், கடைசியில் மகள் பெயரில் முதல் எழுத்துக்கு மேல் வாயில் வரவில்லை. வெர்லீன் தான் வேலை பார்த்த இல்லத்திலேயே அவருக்கு ஆறு வருடம் ஊட்டிவிட்டு அடக்கம் செய்தாள்.

கோர்டெஸ் பெட்வே கூடத்துக்கு வந்தபோது பதினோரு வயது, கிழிந்த உதடு, அதைவிடக் கிழிந்த வாய். அவன் அம்மா இரண்டு இடத்தில் வேலை பார்த்ததால் பையன் வெர்லீனின் சமையலறையில்தான் வளர்ந்தான். இப்போது இருபத்தாறு வயது. குப்பை லாரியில் வேலை, கையிலும் காலிலும் மின்னல். வாய் மட்டும் அப்படியே சாக்கடையாக இருந்தது. கயிறு தாண்டும்போது திட்டுவான், தண்ணீர் குடிக்கும்போது திட்டுவான், கடவுளுக்கு நன்றி சொல்லும்போதுகூட நடுவில் ஒன்று வந்து விழும்.

"இந்தக் கூடத்துல இன்னொரு கெட்ட வார்த்த வந்துச்சு, சோப்ப வாயில அடைச்சிருவேன்" என்பாள் வெர்லீன்.

"எந்த சோப்பு மிஸ் வெர்லீன்? போன தடவ போட்டது நல்லா வாசமா இருந்துச்சு" என்பான் அவன். பின்மண்டையில் ஒன்று விழும், அவன் சிரிப்பான். அவளுக்குச் சொந்தப் பிள்ளை கிடையாது, அந்தக் குறையும் அவளுக்குத் தெரிந்ததில்லை.

அந்த வருடத் தேர்தல் சண்டையில் கோர்டெஸும் காஸ் வோய்சிக்கும் மோதுவதாக இருந்தது. காஸ் மேட்டுப் பகுதியின் போலந்துக் குடும்பத்துப் பையன், குழாய் வேலைக்காரன், கோர்டெஸோடு அதே கூடத்தில் மூன்று வருடம் பயிற்சி செய்தவன். இருவரும் ஒரே எடை, ஒரே திறமை. யார் பெரியவன் என்று இரண்டு வருடமாக ஊர் சாராயக்கடைகளில் சண்டை நடந்துகொண்டிருந்தது, அதில் பல்லே போயிருக்கிறது. அவர்கள் இருவருக்கும் அதே அரிப்பு. பிட்ஸ்பர்க்கிலிருந்து ஒரு பெரிய குத்துச்சண்டை ஏற்பாட்டாளர் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார். ஜெயிக்கிறவனுக்குக் குப்பை லாரியிலிருந்தோ குழாய்க் குழியிலிருந்தோ விடுதலை.

செலவு செய்தவர் கவுன்சிலர் ராய்ஸ் டில்லரி. கிழக்குக் கரைக்காரர், தேவாலய மூப்பர், எங்கள் ஊரில் மேயராக வாய்ப்புள்ள முதல் கறுப்பினத்தவர். எதிரி ஹால்வர்சன் இனத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசியவரில்லை. 'நம் ஊரைப் பழையபடி பாதுகாப்பான ஊராக்குவோம்' என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார், யாரிடமிருந்து பாதுகாப்பு என்று மேட்டுப் பகுதிக்கு விளக்கத் தேவையிருக்கவில்லை. டில்லரிக்கு மேட்டுப் பகுதியில் கொஞ்சமாவது ஓட்டு வேண்டும். அதற்காகக் கொலம்பஸிலிருந்து ஜூலியன் மேப்ரி என்ற இளைஞனை வேலைக்கு வைத்திருந்தார். அவனும் கறுப்பினத்தவன்தான், ஒல்லி, மரியாதைக்காரன். அவன் வந்த பிறகு பிரசாரத்தில் யாரும் கறுப்பு வெள்ளை என்று வாயைத் திறக்கக் கூடாது. கிழக்குச் சமூகம், மேட்டுச் சமூகம் என்றுதான் சொல்ல வேண்டும். சண்டையைக்கூட 'ஒற்றுமை நிகழ்ச்சி' ஆக்கியிருந்தான்.

தேர்தலுக்கு மூன்று வாரம் இருக்கும்போது அவன் கூடத்துக்கு வந்தான்.

"கடைசிச் சண்டைய மாத்தணும், சார்" என்றான் ஸ்டாவ்ரோவிடம்.

எழுபது வயது கிரேக்கக் கிழவர் ஸ்டாவ்ரோ கூடத்தின் முதலாளி, பயிற்சியாளர், யாருக்கும் அடங்காதவர். "எதுக்கு?"

"ஜெயிச்சவர் கைய கவுன்சிலர் தூக்குவாரு. அந்தப் படம் எல்லாச் சமூகத்துக்கும் போகும். ரெண்டு பேரும் ஒரே மாதிரி பின்னணியிலேர்ந்து வந்தவங்களா இருந்தா யாருக்கும் மனசு புண்படாது."

வெர்லீன் பஞ்சு சுற்றிக்கொண்டிருந்த கையை நிறுத்தினாள். "பின்னணின்னா?"

"சமூகப் பின்னணி, மிஸ் ஸ்டப்ஸ்."

"கறுப்பனோட கறுப்பன், வெள்ளையனோட வெள்ளையன். அதானே?"

"நான் அந்த வார்த்தய சொல்லலயே."

"சொல்லல. வாயத் தொடச்சுட்டுத்தான் பேசுறீங்க."

ஸ்டாவ்ரோ எழுந்தார். "இங்க தராசுல ஏத்தித்தான் ஜோடி சேப்பேன். தோல உரிச்சுப் பாத்து இல்ல. வெளிய போடா."

ஜூலியன் போகவில்லை. வெர்லீனைப் பார்த்தே பேசினான். "காஸ் ஜெயிச்சா, கீழ விழுந்து கெடக்குற நம்ம பையனுக்குப் பக்கத்துல நின்னு கவுன்சிலர் அவன் கையத் தூக்கணும். கோர்டெஸ் ஜெயிச்சா மேட்டுல அன்னிக்கே தேர்தல் முடிஞ்சுது. அது மட்டுமில்ல. அந்த மண்டபத்துல முன்னாடி என்ன நடந்துச்சுன்னு உங்களுக்கு என்னவிட நல்லாத் தெரியும்."

அவளுக்குத் தெரியும். நாற்காலி மேல் நின்ற எட்டு வயதுக் குழந்தைக்குத் தெரியும். மேட்டுப் பகுதி கயிற்றைத் தாண்டி வருவதையும், இந்த முறை அந்தக் கண் கோர்டெஸின் கண்ணாக இருப்பதையும் அவள் அங்கேயே நின்றபடி பார்த்துவிட்டாள். ஊரே தேர்தல் சூட்டில் கொதித்துக்கொண்டிருந்தது. அந்த வாரம்தான் டில்லரியின் பிரசாரப் பலகையை நட்டுவைத்திருந்த வீட்டு ஜன்னலில் செங்கல் பறந்திருந்தது.

"மாத்து" என்றாள் ஸ்டாவ்ரோவிடம்.

"வெர்லீன், நீயா சொல்ற?"

"எங்கப்பன் கண்ணு தரையில கெடந்தத நீ பாக்கல. நான் பாத்தேன். மாத்து."

அந்தச் சொல் எங்கள் ஊருக்கு எவ்வளவு விலை வைத்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. ஆனால் அவள் பயத்தைப் பொய் என்று யாராலும் சொல்ல முடியாது.

கோர்டெஸின் எடைக்குப் பக்கத்தில், மூன்று வாரத்தில் கிடைக்கக்கூடிய கறுப்பினச் சண்டைக்காரன் ஒருவன்தான் இருந்தான். கிளீவ்லாந்தின் டெவரிக் கேய்ன்ஸ். இரண்டு எடைப் பிரிவு மேலே இருந்தவன். உடம்பில் தண்ணீரை வற்றவிட்டுத் தராசு நாளில் எடை குறைந்து நிற்பான், மறுநாள் சோறும் தண்ணீரும் இறங்கியதும் பழையபடி எருமையாக நிற்பான். இது வெர்லீனுக்கும் தெரியும், ஸ்டாவ்ரோவுக்கும் தெரியும். கோர்டெஸின் கால் வேகம் போதும் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அவனைச் சம்மதிக்க வைத்ததும் அவள்தான், தன் சமையலறை மேசையில், வறுத்த மீன் வைத்து.

"காஸ்தான் வேணும் எனக்கு. இந்த எழவெடுத்த கேய்ன்ஸ் யாரு?" என்று அவன் முழுச் சாக்கடையையும் திறந்துவிட்டான்.

"எனக்காகப் போடு" என்றாள். அவன் வாயை மூடிக்கொண்டான். அதுவரை அவள் அவனிடம் எதையும் தனக்காகக் கேட்டதில்லை.

சனிக்கிழமை மதியம் மண்டபம் நிரம்பியது. சுவரொட்டியில் தோல் நிறம் இல்லை, பெயர்களும் இரண்டு கைகள் கோத்த படமும்தான். மேடைக்கு மேலே நீளத் துணி: 'ஒரே ஊர், ஒரே குடும்பம்.' ஆனால் மேட்டுக்காரர்கள் யாரும் சொல்லாமலே மேற்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள், கிழக்கு கிழக்குப் பக்கத்தில். காஸுக்கு ஒரு வெள்ளைத் தீயணைப்பு வீரனைப் பிடித்துக் கொடுத்திருந்தார்கள். இரண்டாவது சுற்றில் அவனை மட்டையாக்கிவிட்டு, சந்தோஷமே இல்லாத முகத்தோடு காஸ் கோர்டெஸின் மூலைக்குக் கீழே வந்து உட்கார்ந்துகொண்டான்.

கேய்ன்ஸ் அங்கியைக் கழற்றினான். முந்தின நாள் தராசில் நின்ற உடம்பு அல்ல அது. கழுத்தும் தோளும் ஒன்றாக இருந்தன.

முதல் இரண்டு சுற்று கோர்டெஸுடையவை. அவன் தொட்டுவிட்டு ஓடினான், கேய்ன்ஸ் காற்றைக் குத்திக்கொண்டிருந்தான். மூன்றாவதில் கேய்ன்ஸ் அவனைக் கயிற்றோடு சேர்த்து அழுத்தி விலாவில் நான்கு குத்து இறக்கினான். கால் நின்றது. கை தாழ்ந்தது. மேலிருந்து வந்த வலக்கைக் குத்து இடது புருவத்தைத் திறந்துவிட்டது, எலும்பு தெரிந்தது.

"காலையில என்ன சாப்பிட்ட?" காயத்துக்குள் குச்சியை விட்டுக்கொண்டே கேட்டாள்.

"மீனும் சோளக்கஞ்சியும்" என்றான். "மீன்ல உப்பே இல்ல, கெழவி."

இரத்தம் நின்றது. அவள் பேச்சைக் கேட்டது.

நான்காவது சுற்று சண்டையே அல்ல, அடி. கேய்ன்ஸ் நேர்மையாகத்தான் அடித்தான், அது இன்னும் மோசம். மூக்கு உடைந்த சத்தம் மூன்றாவது வரிசை வரை கேட்டது. கோர்டெஸ் பின்னால் போய்க்கொண்டே இருந்தான், கேய்ன்ஸ் தள்ளுவண்டியைத் தள்ளுகிறவன் மாதிரி நிதானமாக மேலே வந்துகொண்டே இருந்தான். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஜூலியனின் வெள்ளைச் சட்டையில் சிவப்புத் துளிகள் தெறித்தன. அவன் எழுந்து வந்து மேடை விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

"மிஸ் ஸ்டப்ஸ், இது... இப்படித்தான் இருக்குமா?"

"ஒரே பின்னணி கேட்டீங்கல்ல" என்றாள் அவள், திரும்பாமல். "பாருங்க."

அப்போதுதான் மேற்குப் பக்கத்துச் சிரிப்பு அவள் காதில் விழுந்தது. யாரும் கோபப்படவில்லை. யாரும் கயிற்றைத் தாண்டவில்லை. தொப்பியைப் பின்பக்கம் திருப்பிப் போட்ட ஒருவன் பீரை உயர்த்திக் கத்தினான்: "அடிச்சுக்கட்டும்டா! ரெண்டும் அவனுங்க ஆளுதானே, நமக்கென்ன நட்டம்?" அந்த வரிசையே குலுங்கிச் சிரித்தது. அவள் தலைக்கு மேலே 'ஒரே குடும்பம்' ஆடிக்கொண்டிருந்தது. அப்பாவின் கண்ணை எடுத்தவர்கள் வெறி பிடித்தாவது எடுத்தார்கள். இவர்கள் கடலை கொறித்துக்கொண்டே பார்க்கிறார்கள், பார்க்கும்படி ஏற்பாடு செய்து கொடுத்தவள் அவள்தான்.

ஐந்தாவதில் கோர்டெஸ் இரண்டு தடவை விழுந்தான். இரண்டாவது தடவை எழுந்தபோது தவறான மூலையைப் பார்த்து நடந்தான். மணி அடித்தது. காஸ்தான் கயிற்றுக்குள் கையை விட்டு அவனை முக்காலிக்கு இழுத்தான்.

"காலையில என்ன சாப்பிட்ட?"

கோர்டெஸ் அவளைப் பார்த்தான். ஒரு கண்மணி பெரிதாகவும் மற்றது சிறிதாகவும் இருந்தன.

"டேய், என்ன சாப்பிட்ட?"

"செவ்... செவ்வாக்கெழம" என்றான். நாக்கு வாய்க்குள் ஈரத்துணியாகக் கிடந்தது.

"ஸ்டாவ்ரோ, நிறுத்து. இப்பவே நிறுத்து." மூலையிலிருந்து சண்டையை நிறுத்தச் சொல்லும் உரிமை பயிற்சியாளருக்குத்தான்.

"முடியாது" என்றார் ஸ்டாவ்ரோ. கிழவர் கண்ணில் தண்ணீர். "எது வந்தாலும் நிறுத்தக் கூடாதுன்னு பையன் என்கிட்ட சத்தியம் வாங்கியிருக்கான். பிட்ஸ்பர்க்காரன் இன்னும் உக்காந்திருக்கான். ஒரு குத்து போதும் நம்ம பையனுக்கு. இந்தச் சண்டைய வேணும்னு கேட்டதே நீதானே!"

மருத்துவர் விளக்கோடு வந்தார். "உன் பேரு?" "கோர்டெஸ்" என்று சரியாகச் சொன்னான் அந்தப் பாவி. எல்லாச் சக்தியையும் சேர்த்து அந்த ஒரு சொல்லைச் சொன்னான். மருத்துவர் புருவத்தைப் பார்த்தார். வாஸ்லினுக்குக் கீழே காயம் வறண்டு கிடந்தது, வெர்லீன் ஸ்டப்ஸின் வேலை அல்லவா. தலையசைத்துவிட்டு இறங்கிப் போனார்.

பத்து விநாடி மீதம் என்று மணிக்காரன் கத்தினான். வெர்லீன் துண்டை எடுத்து அவன் முகத்தின் மேல் போட்டாள், துடைப்பவளைப் போல. துண்டுக்கு அடியில் வாஸ்லினை வழித்து எடுத்தாள். பிறகு கட்டைவிரலைக் காயத்துக்குள் விட்டு, எலும்பில் நகம் உரசும்வரை விட்டு, கீழே கண்ணிமை நோக்கி இழுத்தாள். தோல் கிழிவது விரலுக்குத் தெரிந்தது. கோர்டெஸ் அலறினான். அவள் பிடரியை மறுகையால் பிடித்துக்கொண்டு மறுபடி இழுத்தாள்.

துண்டை எடுத்தபோது அவன் முகத்தின் பாதி காணாமல் போயிருந்தது. இரத்தம் மார்பில் ஓடி முக்காலியில் சொட்டியது. நடுவர் ஓடிவந்து பார்த்தார், மருத்துவரைத் திரும்ப அழைத்தார், இரண்டு கைகளையும் குறுக்கே ஆட்டினார். முடிந்தது.

"நீ..." என்றான் கோர்டெஸ். அவள் மணிக்கட்டைப் பிடித்து இரத்தம் வழியும் கட்டைவிரலைப் பார்த்தான். "நீ... கி... கிழி..." மேலே வரவில்லை. முக்காலியிலிருந்து சரிந்தான்.

கவுன்சிலர் டில்லரி சிரித்த முகத்தோடு மேடையேறி கேய்ன்ஸின் கையைத் தூக்கினார். கிழக்குப் பக்கம் எழுந்தது. "வித்துட்டானுங்க! நம்ம பையன வித்துட்டானுங்க!" முதல் நாற்காலி கிழக்கிலிருந்துதான் பறந்தது. அது மேற்கில் விழுந்ததும் மேற்கிலிருந்து பத்து வந்தன. அதற்கப்புறம் யார் யாரை அடித்தார்கள் என்று கேட்டுப் பயனில்லை. இரும்பு நாற்காலிகளும் பாட்டில்களும் பறந்தன, ஒருவன் கொடிக்கம்பத்தைப் பிடுங்கிச் சுழற்றினான், ஒரு பெண் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு விரலிடுக்கில் பற்களைத் துப்பினாள். டில்லரியைப் போலீஸ்காரர்கள் தரையோடு இழுத்துப் போனார்கள்.

காஸ் மேடைக்குத் தாவி கோர்டெஸின் மேல் கவிழ்ந்து படுத்தான். நாற்காலி ஒன்று வருவதைக் கண்டு ஒரு கையை உயர்த்தித் தடுத்தான். அது அவன் தோளை முறித்தது. எறிந்தவன் அவன் தெருக்காரன்தான், அந்தத் தொப்பிக்காரன்.

ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் வந்த படம் அதுதான். ஆனால் படத்தில் நாற்காலி இல்லை. மயங்கிக் கிடக்கும் கறுப்பனின் மேல் ஒரு வெள்ளையன் ஏறிப் படுத்து, முஷ்டியை ஓங்கிக்கொண்டிருந்தான். எந்தப் படம் வந்துவிடக் கூடாதென்று ஜூலியன் மூன்று வாரம் தூங்காமல் வேலை பார்த்தானோ, அந்தப் படம். மதியத்துக்குள் காஸின் வீட்டுக் கதவு எரிந்தது.

டில்லரியின் பிரசார அலுவலகம் உடனே அறிக்கை விட்டது. அதில் புண்படுத்தும் சொல் ஒன்றுகூட இல்லை. 'வெளியூர்ப் பங்கேற்பாளர் ஒருவரின் தலை விதிமீறி மோதியதே காயத்துக்குக் காரணம், எந்தச் சமூகத்தையும் குறைகூற வேண்டாம்' என்று அழகாக எழுதியிருந்தார்கள். அன்று சாயங்காலம் நெடுஞ்சாலைப் பெட்ரோல் நிலையத்தில் கிழக்குக்கரை ஆட்கள் நான்கு பேர் கேய்ன்ஸைக் காரிலிருந்து இழுத்துப்போட்டு, அவனுடைய வலது கையைக் கார்க் கதவில் வைத்து, கதவை மூன்று தடவை சாத்தினார்கள்.

திங்கட்கிழமை மருத்துவமனை வராந்தாவில் ஜூலியன் வெர்லீனைத் தேடி வந்தான். உள்ளே கோர்டெஸின் மண்டையைத் திறந்து கட்டிப்போயிருந்த இரத்தத்தை எடுத்துவிட்டு, பேச்சு வருமா வராதா என்று சொல்ல முடியாது என்றிருந்தார்கள் மருத்துவர்கள். அவன் அம்மா வெர்லீனை அறைக்குள் விடவில்லை.

"தலை மோதித்தான் கிழிஞ்சுதுன்னு நீங்க ஒரு வார்த்த சொன்னாப் போதும், மிஸ் ஸ்டப்ஸ். ஊர் அடங்கிடும். நாளைக்குத் தேர்தல்." ஜூலியன் கெஞ்சினான். அவன் கெட்டவன் இல்லை. அதுதான் எனக்குக் கோபம்.

"கேய்ன்ஸோட கை?"

"அதுக்கு நாங்க ஆழ்ந்த வருத்தம்..."

"நல்ல வார்த்தயாச் சேத்துச் சேத்து வச்சிருக்கீங்கப்பா" என்றாள். எழுந்து வாசலில் காத்திருந்த டிவி கேமராக்களுக்கு முன்னால் போய் நின்றாள்.

"தலையும் மோதல, ஒண்ணும் மோதல. கேய்ன்ஸ் ஒழுங்காத்தான் அடிச்சான். கிழிச்சது நான். இந்த வெரல்தான். அந்தப் பையன் செத்துக்கிட்டிருந்தான், எவனும் நிறுத்தல. காஸ் அவன அடிக்கல, மேல படுத்து அடிய வாங்கினான். கறுப்பனோட கறுப்பன மோதவிடுன்னு சொன்னப்ப சரின்னு தலையாட்டினதும் நான்தான். யாருக்காவது கை நொறுக்கணும்னா இந்தா இருக்கு, வாங்க."

யாரும் வந்து கையை நொறுக்கவில்லை. மாநில ஆணையம் அவள் உரிமத்தை ஆயுளுக்கும் பறித்தது. தன் ஆளின் காயத்தைத் தானே கிழித்தவளுக்கு எந்தச் சண்டை மூலையிலும் இடமில்லை என்றார்கள், அவர்கள் சட்டப்படி சரிதான். தேவாலயத்தில் வெள்ளைக் கையுறையை வேறொருத்திக்குக் கொடுத்தார்கள். அவள் கார் டயர்களைக் கிழித்தது கிழக்குக் கரை, கண்ணாடியை உடைத்தது மேடு. டில்லரி தோற்றார். ஹால்வர்சன் ஜெயித்து, எல்லாச் சமூகங்களுக்கும் நன்றி சொன்னார்.

கோர்டெஸ் வீட்டுக்குப் போனான் என்று காஸ் வந்து சொன்னான். பேசுகிறானா என்று கேட்டாள். தன் முன்னால் வாயைத் திறக்கவே இல்லை என்றான். குளிர்காலம் முழுக்க அவள் முதியோர் இல்லத்தில் கிழவர்களுக்கு ஊட்டும்போது கரண்டியைப் பிடித்த கை நின்று நின்று போனது. ஒரு கிழவர் தண்ணீரைத் தொப்பி என்றார். அவள் குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

பனி உருகத் தொடங்கிய ஒரு மாலை கூடத்தில் தரை துடைத்துக்கொண்டிருந்தாள். ஸ்டாவ்ரோவால் அவளுக்கு அந்த வேலையை மட்டும்தான் கொடுக்க முடிந்தது. கதவு உதைபட்டுத் திறந்தது. கோர்டெஸ் நின்றான். மொட்டைத் தலையில் லாடம் போன்ற தழும்பு, புருவத்தில் அவள் கிழித்த கோடு. மெலிந்திருந்தான்.

துடைப்பக் கம்பை விட்டுவிட்டு அவள் நிமிர்ந்தாள்.

"உன்னப் போல ஒரு துரோகிய நான் பாத்ததே இல்லடி கெழட்டு மூதேவி" என்று ஆரம்பித்தான். அதற்குப் பிறகு சொன்னவற்றை எந்த அச்சகமும் அச்சடிக்காது. அவளைத் திட்டினான், அவள் கையைத் திட்டினான், அவள் பிறந்த நாளைத் திட்டினான். பிட்ஸ்பர்க்காரன் எழுந்து போனதற்கு, இனி ஒரு நாளும் கையுறை மாட்ட முடியாததற்கு, எனக்காகப் போடு என்று சமையலறையில் கேட்டதற்கு, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகத் திட்டினான். மூச்சு வாங்க நிறுத்தி மறுபடி திட்டினான். ஒரு எழுத்து குழறவில்லை. ஒரு சொல் தடம் மாறவில்லை. ரகரம் றகரம் எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன.

வெர்லீன் முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணீர் தாடையில் ஓடியதை அவள் துடைக்கவில்லை, ஒரு சொல்லையும் தவறவிடக் கூடாதே என்று.

"உன் மூஞ்சில முழிக்க மாட்டேன். செத்தாலும் வர மாட்டேன்" என்று சொல்லிவிட்டு அவன் கதவைப் பிடித்தான். சொன்னபடியே அன்றைக்குப் பிறகு அவன் அந்தப் படியை மறுபடி ஏறவில்லை.

"கோர்டெஸ்" என்றாள் அவள். "காலையில என்ன சாப்பிட்ட?"

அவன் நின்றான். திரும்பவில்லை.

"மீனு. வறுத்த மீனும் சோளக்கஞ்சியும். போதுமா, நாசமாப் போனவளே?"

"போதும்" என்றாள் வெர்லீன்.